கருகிய வட்டம்

"என்னது, நீ பறக்கும் தட்டைப் பார்த்தியா?"

ஒஃபேலியா மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையில் ஊற்றிய வெந்நீர் மேசையில் வழிந்தது.

"பார்த்தேன்னு சொல்லிட்டேன். நகராட்சி இன்ஸ்பெக்டரும் கேட்டுட்டுப் போயிட்டார்" என்றார் அவள் கணவர் ஃபெர்மின், ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோர்தோபா மலையடியில் இருக்கும் அந்த ஊரில் பறக்கும் தட்டு என்றாலே சிரிக்கிற ஒரே ஆள் ஃபெர்மின்தான். தட்டுப் படம் போட்ட பனியன் விற்கும் கடை வாசலிலேயே நின்று சிரிப்பார். மலை மேல் வெளிச்சம் பார்த்தேன் என்று ரொட்டிக்கடை காசிமீரோ சொன்னபோது, "எத்தனை கிளாஸ் ஒயினுக்கு அப்புறம்?" என்று ஊர் நடுவில் வைத்துக் கேட்டவர். காசிமீரோ கோபித்துக்கொண்டதில், ஒஃபேலியாதான் அந்த வருஷம் முழுக்கப் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய் ரொட்டி வாங்கினாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக் கொல்லையில், ஞாயிற்றுக்கிழமை விடிந்து பார்த்தால், புல் கருகி ஒரு பெரிய வட்டம். மழை இல்லாத குளிர்காலம். ஊரில் யாரும் நெருப்பே மூட்டக் கூடாது என்று உத்தரவு. இன்ஸ்பெக்டர் வந்து, "யார் கொளுத்தினது?" என்று கேட்க, ஃபெர்மின் மலையைக் கை காட்டிவிட்டார்.

சர்ச்சுக்குப் போன ஒஃபேலியாவால் தலை நிமிர முடியவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண்களே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீடு திரும்பினால் வாசலில் காசிமீரோ. கையில் ஒரு பை நிறையப் பிறைரொட்டி.

"எத்தனை கிளாஸுக்கு அப்புறம், ஃபெர்மின்?"

"நாலு" என்றார் ஃபெர்மின், சாதுவாக.

காசிமீரோ வயிறு குலுங்கச் சிரித்து, ரொட்டிப் பையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒஃபேலியாவுக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு ஆனதும், வழக்கமாகத் தூங்கப் போகிறவரை மறித்து உட்கார வைத்தாள்.

"இத்தனை வருஷம் உன்னோட குப்பை கொட்டியிருக்கேன். பொய் சொன்னா உன் காது சிவக்கும்னு எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்லு கிழவா."

ஃபெர்மின் எட்டிப் பார்த்து ஜன்னலைச் சாத்தினார்.

"தீத்தோதான். வேற யாரு?"

தீத்தோ பக்கத்து வீட்டு எர்மெலிந்தாவின் தம்பி. நாற்பது வயதிலும் குழந்தை. ஒஃபேலியாவின் சந்தைக் கூடையை வேறு யாரையும் தொடவிட மாட்டான்.

"நேத்து ராத்திரி சான் ஹுவான் திருநாள் இல்லையா? நெருப்பை வட்டமா மூட்டி, சுத்தி ஆடினாத்தானே அவனுக்குத் திருநாள். தடைன்னா அவனுக்கு என்ன புரியும்? போன வருஷம் அவன் மூட்டினது மலை வரைக்கும் ஏறிடுச்சு. இன்னொரு தடவை ஆச்சுன்னா நகரத்து விடுதியில கொண்டுபோய் அடைச்சிடுவோம்னு நகராட்சியில சொல்லியிருக்காங்க."

"அதுக்காக?"

"அக்காளை விட்டா அவன் செத்துருவான் கிழவி. நெருப்பு வெச்சது யாருன்னு தெரிஞ்சா இந்த ஊர்ல வழக்கு. தட்டு இறங்குச்சுன்னா வேலி கட்டி, பலகை வெச்சு, சுற்றுலா பஸ் நிக்கவும் இடம் பண்ணுவாங்க. விசாரணையே கிடையாது. என்னைப் பார்த்து நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

ஒஃபேலியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அன்றைக்கு மிகவும் சந்தோஷப்பட்டாள்.

"பாவம், அக்காளும் தம்பியும் காலையிலேர்ந்து கதவைக்கூடத் திறக்கலை. பயந்துபோய் உள்ளேயே கிடக்குதுங்க" என்றார் ஃபெர்மின்.

"கொஞ்சம் ரொட்டியாவது கொண்டுபோய்க் குடுக்கறேன். அவனை யாரும் காட்டிக் குடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு வரேன்" என்று அவள் எழுந்தபோது, வாசலில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் தீத்தோ. பின்னால் மூட்டை முடிச்சோடு எர்மெலிந்தா.

"ஒஃபேலியா அக்கா, இந்தாங்க கேக்கு. எங்க மாமா வீட்டுல சுட்டது" என்றாள் எர்மெலிந்தா.

"மாமா வீடா? நீங்க ஊர்லயே இல்லையா?"

"எங்க இருந்தோம்? இங்க சான் ஹுவான் நெருப்பு கிடையாதுன்னதும் இவன் ஒரே அழுகை. அதான் நேத்து மத்தியானமே ஆத்துக்கு அந்தப் பக்கம் மாமா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அங்க தடை இல்லை. ராத்திரி பூரா ஆடினான். இப்பதான் வந்து இறங்கறோம்."

"பெரிய நெருப்பு! நான் சுத்தி ஆடினேன்!" என்றான் தீத்தோ.

"அதெல்லாம் இருக்கட்டும். ஃபெர்மின் அண்ணே, உங்க கொல்லையில என்னமோ எரிஞ்சு கிடக்குதாமே? பஸ்ல ஒரே பேச்சு. யாரு வெச்சது?"



ஃபெர்மின் மெல்ல எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். கருகிய வட்டத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு நேர் மேலே அண்ணாந்து, வெகுநேரம் பார்த்தார்.

திரும்பி வந்து ஆணியிலிருந்த தொப்பியை எடுத்தார்.

"இப்ப எங்க கிளம்பிட்ட கிழவா?"

"காசிமீரோ கடைக்கு. அன்னிக்கு மலை மேல அவன் என்ன பார்த்தான்னு நான் இதுவரைக்கும் கேக்கவே இல்லையே."