மூன்று எழுத்து போதும்

"கையை எடு சுடர்விழி. கீபோர்டுலேருந்து கையை எடு."

சௌந்தரநாயகி அக்கா பின்னால் வந்து நின்றது சுடர்விழிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள்.

"எதுக்குக்கா?"

"ஃபைலை இப்படித் தேடித் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே?"

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். அரிசி ஆலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறார்கள். சௌந்தரநாயகி அக்காதான் அங்கே தலைமை. எடை, ஈரப்பதம், வண்டி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட ஃபைல்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர். உள்ளே போனவன் வெளியே வர வழி கேட்க வேண்டும்.

சுடர்விழி வேலைக்குச் சேர்ந்த வாரமே, தான் புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒரு தேடும் வசதியைப் போட்டுக்கொண்டாள். ஒரு கீயை அழுத்தினால் சின்னதாய் ஒரு பெட்டி திறக்கும். ஃபைல் பெயரில் ஞாபகம் இருக்கிற இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் போதும். நடுவில் எதை விட்டிருந்தாலும் கோபித்துக்கொள்ளாமல் ஃபைலைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதே தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு ஆகாதது அதுதான்.

"இங்க அவங்கவங்க மடையை அவங்கவங்கதான் திறக்கணும். வண்டி வாடகைன்னா உத்திராபதி அண்ணனைக் கேளு. ஈரப்பதம்னா மீனாவைக் கேளு."

கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்பதுதான் விஷயம். உத்திராபதி அண்ணன் ஆலையில் பில் போட்டுக்கொண்டிருந்து, தலை நரைத்த பிறகு இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதுல இல்ல... இதுலயும் இல்ல..." என்று ஃபோல்டர் ஃபோல்டராக இறங்குவார். அவர் கண்டுபிடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மீனாவோ கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்து போன் வந்தால் பாதியில் எழுந்து ஓடுவாள்.

குறுவை அறுவடை நேரம் வேறு. ஆலை வாசலில் நெல் வண்டிகள் நிற்கின்றன, வானம் இருட்டுகிறது, போன் கத்துகிறது. அப்போதும் இதே கூத்து. சுடர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் ஒரு நொடியில எடுக்கிறதுக்கு எதுக்கு அண்ணனைப் போட்டு அலைக்கழிக்கணும்?"

"இன்னொரு தடவை அதுல தேடினா உனக்கு இங்க வேலை இல்ல. அவ்வளவுதான்."

"போகட்டும்க்கா. தஞ்சாவூர்ல வேற வேலை கிடைக்காமலா போயிடும்? காரணம் சொல்லாத சட்டத்துக்கெல்லாம் நான் தலையாட்ட மாட்டேன்."

அக்கா என்னவோ சொல்ல வந்தாள். உத்திராபதி அண்ணனும் மீனாவும் பக்கத்திலேயே இருந்தார்கள். சொல்லாமலே போய்விட்டாள்.

அன்று மதியம் முதலாளி கோவிந்தராசு வந்தார். சொந்தமாக அரிசி ஆலை வைத்திருப்பவர். ஒரு பிடி நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் அக்கா சொன்னதுதான் அவருக்கு வேதம்.

வேலையா, மானமா என்று பார்த்துவிடுவது என முடிவு செய்துவிட்டாள் சுடர்விழி. அவர் உட்காருவதற்குள் போய் நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க."

"சுடர்விழி, வேணாம்மா." அக்காவின் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

பயந்துவிட்டாள் என்று சுடர்விழிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"நீங்களே ஏதாவது ஒரு ஃபைல் சொல்லுங்க சார்."

"வண்டி வாடகை."

மூன்று எழுத்து தட்டினாள். திறந்தது.

"ஈரப்பதம்?"

திறந்தது.

"அட! சாக்குக் கணக்கு?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் திறந்தது.

"யாரையும் கேக்க வேணாமா?"

"யாரையும் கேக்க வேணாம் சார். இதுக்கு யாருமே தேவையில்ல." சொல்லிவிட்டு அக்காவைத் திமிராக ஒரு பார்வை பார்த்தாள்.

"கெட்டிக்காரப் பொண்ணு!" என்றார் முதலாளி. அப்புறம் மெதுவாகத் திரும்பினார்.

"ஏம்மா சௌந்தரநாயகி, ரெண்டு பேரைக் குறைன்னு நான் சொல்றப்பல்லாம், எந்த ஃபைல் எங்க இருக்குன்னு உத்திராபதிக்கும் மீனாவுக்கும்தான் தெரியும், அவங்களை அனுப்பினா ஆபீஸே நின்னுடும்னு சொல்லிக்கிட்டிருந்தியே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். உத்திராபதி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. மீனாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

சுடர்விழிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தலை குனியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், எனக்குத் திறக்க மட்டும்தான் தெரியும். உள்ள எழுதியிருக்கிறதுல ஒரு வரிகூடப் புரியாது. நாளைக்கு உங்க ஆலையில எடை போடுறது நின்னுபோச்சுன்னா நான் இப்படியே திறந்து திறந்து மூடிக்கிட்டிருக்க வேண்டியதுதான். சரிபண்ண இவங்க ரெண்டு பேரும்தான் வரணும்."

முதலாளிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்ப இவ்வளவு நேரம் காட்டினது என்னத்துக்கு?"

"சும்மா பந்தாவுக்கு சார்," என்றாள் சுடர்விழி, அவர் கண்ணை நேராகப் பார்த்து. "அக்கா காலையிலேயே திட்டினாங்க. நான்தான் கேக்கல."