வாத்தும் பட்டாம்பூச்சியும்

"தலைப்பை மாத்திக்கோம்மா. உதவித்தொகை உனக்குத்தான்னு இப்பவே சொல்லிடறேன்" என்றார் மேலாளர்.

பேட்டரித் தொழிற்சாலையின் மேலாளர் அவர். சுற்றுச்சூழல் துறையில் இளநிலை படிப்பவர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தருவது அந்தத் தொழிற்சாலைதான். அதனால் நேர்காணலில் நடு நாற்காலி அவருக்கு. துறைத்தலைவருக்கு ஓர நாற்காலி.

எதிரே நின்றவளை வகுப்பில் எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் முழங்கால் தண்ணீரில் ஓடையிலேயே கிடப்பாள். தொழிற்சாலையை உரசிக்கொண்டு போகும் அந்த ஓடையில் ஈயம் எங்கிருந்து கலக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி.

"வேற என்ன தலைப்பு சார்?"

"கல்லூரித் தோட்டத்துப் பட்டாம்பூச்சிகள்! எவ்வளவு அழகா இருக்கு பாரு. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"பட்டாம்பூச்சிக்கு நல்லதா சார்?"

துறைத்தலைவருக்கு இருமல் வந்தது. சிரிப்பை விழுங்கும்போதெல்லாம் அவருக்கு அப்படித்தான் வரும்.

மேலாளரின் முகம் கடுகடுத்தது. "வாய் ரொம்ப நீளம் உனக்கு. ஓடையில ஈயமே இல்லைன்னு நாங்க சொல்றோமா? இருக்கு. ஆனா அது மலைப் பாறையிலேருந்தே வருது. நீ குடுத்தனுப்பின ஆறு பாட்டிலையும் எங்க லேப்ல சோதிச்சாச்சு. ஆறுலயும் ஒரே அளவு. ஒண்ணாம் நம்பர் பாட்டில், எங்க தொழிற்சாலைக்கு மேல் பக்கம் எடுத்ததுன்னு நீயே சீட்டு ஒட்டின தண்ணி. அதுலயே ஈயம் இருக்குன்னா, பழியை எங்க தலையில எப்படிக் கட்டுவ?"

இந்த உதவித்தொகை கிடைத்தால்தான் விடுமுறை முழுக்கக் கல்லூரி லேப் அவளுக்குத் திறந்திருக்கும். அவள் கண்டுபிடிப்பது யார் காதிலாவது ஏறும். இல்லாவிட்டால் ஓடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கீழ்ப்பக்கம்தான் எங்க அக்கா வீடு சார். அக்கா பையன் அந்தத் தண்ணியிலதான் விளையாடறான். நான் பட்டாம்பூச்சியைப் பத்தி எழுதிட்டு அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அப்போ உதவித்தொகை வேணாம்?"

"வேணும். ஓடைக்குத்தான் வேணும்."

"கொஞ்சம் விட்டுக்குடும்மா" என்றார் துறைத்தலைவர், கெஞ்சாத குறையாக. அவர் கவலை அவருக்கு. மேலாளர் முறைத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த வருஷம் யாருக்குமே உதவித்தொகை கிடையாது.

"முடியாது சார்."

பயமில்லாமல் இல்லை. ஆனால் ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் மேலாளரை நேராகப் பார்த்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். ஒண்ணாம் பாட்டிலை நிஜமாவே சோதிச்சீங்களா?"

"என்ன கேள்வி இது? நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"அதுலயும் மத்த பாட்டில்ல இருக்குற அதே ஈயமா?"

"அதே ஈயம், அதே அளவு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். பாறையிலேருந்து வர்றதை யாரால தடுக்க முடியும்?" என்று மேலாளர் ஜெயித்தவராகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாத்து துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா சார்?"

"கேட்டேன்மா. அதனாலதான் சொல்றேன், பிடிவாதம் வேண்டாம்."

"சோதனை ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க, ஓடைத் தண்ணியோட ஒரு பாட்டில் சுத்தத் தண்ணியையும் ஓடைச் சீட்டு ஒட்டி, லேபுக்குச் சொல்லாம சேர்த்து அனுப்பறது நம்ம துறை வழக்கம்தானே சார்? அந்த ஒண்ணாம் பாட்டில் ஓடைப் பக்கமே போனதில்ல. அதுல இருந்தது, இவங்க பேட்டரிக்குள்ள ஊத்தறாங்களே, கடையில விக்கிற அதே காய்ச்சி வடிச்ச தண்ணி!"