பாதிப் பரவளையம்

“மூணு புள்ளி போதுமா சார்?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“தாராளமா போதும். காத்துல போற கல்லு பரவளையமாத்தான், கவுத்த கிண்ணம் மாதிரி வளைஞ்சுதான் போகும். எல்லாம் இருபடிச் சார்பு. மூணு புள்ளி கிடைச்சா முழுக் கோடும் கிடைச்சிடும்,” என்றார் கணக்கு வாத்தியார்.

மேஜையில் வரைபடத்தாள். பக்கத்துக் கடையின் கேமரா பிடித்த மூன்று படங்கள். மூன்றிலும் ஒரே செங்கல். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கீழே, சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி. நாலாவது படத்தை இன்ஸ்பெக்டர் கொண்டுவரவில்லை. அதில் வாத்தியாரின் மருமகன் தெருவில் செத்துக் கிடந்தான்.

முந்தாநாள் காலை இதே வீட்டுக்கு முன்னால் தெருவில் நின்று, “என் பொண்டாட்டியை வெளியே அனுப்புங்க” என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தவன். அந்த நேரத்தில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது மகள் ஒருத்திதான்.

“நான் எதையும் தொடலப்பா,” என்று அவள் சொன்னாள். வாத்தியார் தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. கையில் சூட்டுத் தழும்போடு பிறந்த வீட்டுக்கு வந்தவள், எடுத்து அடித்திருந்தாலும் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வராது.

“கோட்டுல என்ன பார்க்கணும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“உச்சி எங்கேன்னு பார்க்கணும். மாடிக் கைப்பிடிச் சுவர்லயே உச்சி இருந்தா, அங்க இருந்த கல்லு தானா சறுக்கியிருக்கு. அதைவிட மேல இருந்தா, யாரோ வீசியிருக்காங்க.”

“நீங்களே போட்டுப் பாருங்க. கணக்குல நான் எப்பவும் முட்டை.” அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

வாத்தியார் புள்ளிகளைக் குறித்துச் சமன்பாட்டை எழுதினார். வர்க்கத்துக்கு முன்னால் மைனஸ். கோடு கவிழ்ந்துதான் நிற்கும். சமச்சீர் அச்சு சுவருக்கு உள்ளே மூன்று மீட்டர், மாடியின் பாதியைத் தாண்டி. உச்சி, கைப்பிடிச் சுவரைவிட நாலு மீட்டர் மேலே.

வீசியிருக்கிறாள்.

தெருப்பக்கம் இறங்கும் வலப்பாதியை வரைந்தவர் உச்சியிலேயே பென்சிலை நிறுத்திவிட்டார். அதற்கு அந்தப் பக்கம் கோட்டை இறக்கினால் மகள் நின்ற இடத்தில்தான் போய் முடியும் என்று நினைத்தார். அதை வரையக் கை வரவில்லை. பாதிப் பரவளையம் போட்ட பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாகப் பாதி மதிப்பெண்ணை வெட்டியவர் அவர்.

ரப்பரை எடுத்தார். புள்ளிகள் அரைக் கட்டம், ஒரு கட்டம் என்று நகர்ந்தன. உச்சி இறங்கி வந்து கைப்பிடிச் சுவரின்மேல் சமர்த்தாக உட்கார்ந்தது. தெரிந்தே அவர் தப்பாகக் கணக்குப் போட்டது அன்றுதான்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

“யாரும் வீசல சார்,” என்றார் வாத்தியார். “சுவர்மேல இருந்த கல்லு, ஈரத்துணி பட்டோ என்னவோ, சறுக்கி விழுந்திருக்கு.”

“நிச்சயமா உங்க சுவர்லேர்ந்துதானா?”

“சந்தேகமே இல்ல. உச்சி அங்கதான் இருக்கு, பாருங்க.” கேட்காமலே தாளின் அடியில் கையெழுத்தும் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நல்லவேளை, உங்களைக் கேட்டேன். உங்க வீட்டுக்குப் பின்னாடி கட்டடம் கட்டற மேஸ்திரி, ஏதோ ஆத்திரத்துல வீசின கல்லு உங்க மாடியைத் தாண்டிப் போய் விழுந்துடுச்சுன்னு நேத்தே ஸ்டேஷனுக்கு வந்து அழுதான். இனி அவனை விட்டுடலாம். உங்க பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்க சார், சுவர்ல இருந்த கல்லு சறுக்குச்சா, தள்ளினதான்னு அவங்கதான் சொல்லணும்.”