படித்த பக்கத்துக்குப் பணம்

புத்தகம் விற்றால் காசு என்ற காலம் மலையேறிவிட்டது. இப்போதெல்லாம் யார் எத்தனை பக்கம் படித்தார் என்று புத்தகமே அவர் கண்ணைப் பார்த்துக் கணக்கெடுத்துவிடும். படித்த பக்கத்துக்குத்தான் எழுத்தாளருக்குப் பணம். நாவலாசிரியர் மணவழகனுக்குப் போன மாதம் வந்தது நாற்பத்தொரு ரூபாய்.

அந்த எரிச்சலோடுதான் தன் புதிய நாவலின் வெளியீட்டு விழா மேடையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் துரைக்கண்ணு முக்கால் மணி நேரமாக நாவலை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தார். பத்து நாள் முன்பே பிரதி கொடுத்திருந்தும், கதாநாயகியின் பெயரை மட்டும் அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மணவழகன் பதிப்பாளர் சகாயத்தின் காதைக் கடித்தார். "யார் யார் எவ்வளவு படிச்சாங்கங்கற பட்டியலைத் திரையில போடுங்க. இவர் வண்டவாளம் ஊருக்கே தெரியட்டும்."

"வேண்டாம் சார், விட்டுடுங்க."

"போடுங்கய்யா!"

சகாயம் போட்டார். துரைக்கண்ணு, மூன்று பக்கம். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னாடை நழுவுவதுகூடத் தெரியாமல் மணவழகனும் சிரித்தார். பட்டியலில் அடுத்த பெயர் வந்தது. மணவழகன், நூலாசிரியர், பதினான்கு பக்கம்.

சிரிப்பு சட்டென்று நின்றது. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "ஏன் சார், உங்க நாவலை நீங்களே முழுசாப் படிக்கலையா?"

மணவழகன் மைக்கைப் பிடுங்கினார். "எனக்குப் படிக்க எங்கம்மா நேரம்? வருஷத்துக்கு அறுபது நாவல் எழுதுறேன்ல!"