கூடுதல் இரும்பு

“லேப்டாப்ப மூடு, ஏளா! வெளிச்சம் போவுது. நாளைக் காலம்பற படம் கைக்கு வந்தாகணும்” என்று மகளின் தலையைப் பிடித்து இழுத்துச் சீவினாள் நீலாம்பாள்.

“முடிஞ்சிட்டும்மா.” சுப்ரஜா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, எதில் எவ்வளவு இரும்பு என்று அளந்துகொண்டிருந்தாள்.

பேட்டையிலிருந்து கேமராவோடு வந்திருந்த கணேஷ்ராம் எட்டிப் பார்த்தான். “ரெண்டும் ஒரே மாதிரில்லா இருக்கு?”

“ஒண்ணாப் பெறந்ததுதான். இதை ஒரு கிரகம் சுத்துது. மத்ததுல இரும்பு கூடுதல். தன்னைச் சுத்துன கிரகத்தை அது விழுங்கியிருக்கும்.” பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

நீலாம்பாள் லேப்டாப்பைத் தானே மூடினாள். மகளின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இடப்பக்க வகிட்டைக் கலைத்து வலப்பக்கம் எடுத்தாள். பச்சைப் பட்டுச் சேலையைத் தோளில் சரிசெய்தாள்.

“கல்யாணப் படமா ஆச்சி?” என்றான் கணேஷ்ராம்.

சுப்ரஜா சுவரோரம் போய் நின்றாள்.

“நல்லாச் சிரிங்க.”

“வேண்டாம். பல்லு தெரியப்பிடாது” என்றாள் நீலாம்பாள். “அவ அப்படிச் சிரிக்க மாட்டா.”

கணேஷ்ராம் கேமராவை இறக்கினான். “எவ?”

“சித்ரலேகா. இவகூட ரெட்டையாப் பெறந்தவ. நாளைக்கு அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம். மாலை போட அவ தனியா நிக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. எதைக் கத்தரிச்சாலும் தோள்ல இவ கை வருது.”

சுப்ரஜா பல் தெரியாமல் சிரித்தாள்.