நிற்கக் கூடாத மணி

“டீச்சர், என் தங்கச்சி அடிக்கிற மணி வெளிய கேட்டுக்கினே இருக்கணும். நின்னுச்சுன்னா கதவ ஒடச்சிக்கினு உள்ள வருவேன்.”

தென்னரசு செல்போனைக் கையில் பிடித்தபடி திண்டிவனம் தேவாலயக் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்தான். ஒரு மாதமாகத் தங்கை கலைப்பிரியாவைக் கைமணி ஒத்திகைக்குக் கூட்டிவந்து காவல் காப்பவன். அவள் மணிகளின் சத்தம் அவனுக்கு அத்துப்படி. நாளை மறுநாள் அவளுக்கு மாமன் மகனோடு கட்டாயக் கல்யாணம்.

டீச்சர் அமலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே கலைப்பிரியா இல்லை. வந்த வேகத்தில் பின்வாசல் வழியாக விழுப்புரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அங்கே ரயில் நிலையத்தில் அவள் காதலிக்கும் இனியவன் காத்திருக்கிறான்.

கைமணிக் குழுவில் ஆளுக்கு இரண்டு மணி, இரண்டு சுரம். ஒருவர் இல்லையென்றால் பாட்டு பொக்கை வாயாகிவிடும். துள்ளி ஓடும் ஒரு பழைய வயலின் இசையை மணிகளுக்காகப் பிரித்து எழுதியவள் அமலாதான். இப்போது கலைப்பிரியாவின் சுரங்களையும் குழுவில் பக்கத்தில் நிற்கும் சவுரியம்மாள் தலையில் கட்டி மாற்றி எழுதியிருந்தாள். கைக்கு இரண்டாக நான்கு மணி.

“கை வேர்த்து வழுக்குது அமலா,” என்றாள் சவுரியம்மாள்.

“பொடவையில தொடச்சிக்கினு அடிங்கக்கா. கண்டுபுடிச்சான்னா பஸ்ஸ மறிச்சி அவள இழுத்துக்கினு வந்துருவான். நம்மளையும் சும்மா விட மாட்டான்.”

“நல்லா தெம்பு குடுக்கற, போ!”

மணிகள் ஓடத் தொடங்கின. முதல் பக்கம் பிசகில்லாமல் போனது. இரண்டாம் பக்கத்தில் வேகம் கூடியதும் சவுரியம்மாளின் வலக்கையில் இரண்டு மணிகளும் ‘டக்’கென்று முட்டிக்கொண்டன.

வெளியே செருப்புச் சத்தம். படியேறி, கதவருகே வந்து நின்றது.

அமலா கையசைப்பை நிறுத்தவில்லை. கடைசிச் சுரம் வரை இழுத்துக்கொண்டு போனாள்.

மணிகள் அடங்கிய அடுத்த நொடி கதவு இடிபட்டது. சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அமலா திறந்தாள்.

தென்னரசு சவுரியம்மாளின் கைகளைப் பார்த்தான். தங்கை நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். பிறகு செல்போனை உள்ளங்கையால் அழுத்தி மூடினான்.

“ஏன் நிறுத்துனீங்க?” என்று கிசுகிசுத்தான். “அப்பா லைன்ல கேட்டுக்கினு இருக்காரு. அவ பஸ்ஸு இன்னும் கூட்டேரிப்பட்டு கூடத் தாண்டியிருக்காது. ஜல்தியா மொதல்லேர்ந்து அடிங்க. இந்த வாட்டி மணி முட்டாம!”