ஏழாம் பாத்தி

"ஏழாவது பாத்தி யாருது?"

சண்முகவேல் கேட்ட தொனியில் பத்துப் பிள்ளைகளும் விறைத்து நின்றார்கள்.

"என்னுதுங்க சார்." ஜெயபாரதி முன்னால் வந்தாள்.

வீரபாண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. பிளஸ் டூ வேளாண் பிரிவுக்கு அன்று செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு வெண்டைப் பாத்தி. மார்க் போட வெளியிலிருந்து வந்திருப்பவர் சண்முகவேல். வேறொரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறவர். போன வருடம் இந்தப் பிள்ளைகள் பிளஸ் ஒன் படித்தபோதும் இங்கே அவர்தான் வந்தார்.

வந்ததும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் நிறுத்தி, போன வருடம் சொன்னதையே இந்த வருடமும் சொன்னார்.

"நான் செடியப் பாத்து மார்க் போடற ஆளு இல்ல. வேலையப் பாத்துத்தான் போடுவேன்."

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. மார்க் போடும்போது பள்ளி ஆசிரியை பக்கத்தில் வரக்கூடாது. சிபாரிசுக்கு இடம் கொடுக்காத மனிதர் என்று பெயர் எடுத்திருக்கிறாரே, அதைக் காப்பாற்ற வேண்டாமா? சித்ராதேவி டீச்சர் ஸ்டாஃப் ரூம் வாசலோடு நின்றுகொண்டார்.

ஆறு பாத்திகள் பார்த்தாகிவிட்டது. எல்லாம் இடுப்பளவு வளர்ந்து, பூவும் பிஞ்சுமாக நின்றன. ஏழாவதில்தான் சண்முகவேலின் கண் குத்திட்டு நின்றது. செடிகள் முழங்காலைத் தாண்டவில்லை. இலையெல்லாம் வெளிறிக் கிடந்தது. வரப்பு நூல் பிடித்த மாதிரி இருந்ததும், மருந்துக்கும் ஒரு களை இல்லாததும் அவர் கண்ணில் பட்டன. மனதில் ஏறவில்லை.

பாத்தித் தலைமாட்டில் அட்டை. பெயர்: ஜெயபாரதி. இட்ட உரம் என்ற இடத்தில் வெறும் கோடு.

"இதை நிரப்பக்கூட முடியலையா உனக்கு?"

"ஒண்ணும் போடலீங்க சார், அதான் கோடு போட்டேன்."

"தொழு உரம்?"

"இல்லீங்க சார்."

"மண்புழு உரம், புண்ணாக்கு?"

"எதுவுமே இல்லீங்க சார். இந்தப் பாத்திக்கு..."

"காரணம் சொல்லாத. எனக்குக் காரணம் சொல்றவங்களப் புடிக்காது."



எட்டாவது பாத்தி முனீசுடையது. அப்பா அம்மா இரண்டு பேரும் விருதுநகர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அவன் பாத்தியில் செடிகள் மதமதவென்று நின்றன.

"அவனைப் பாரு. சொந்தமா ஒரு சாண் நிலம் இருக்குமா அவனுக்கு? எப்படி வளத்திருக்கான். பக்கத்துலயே இருந்தும் பாத்துக் கத்துக்கத் தோணல உனக்கு."

முனீஸ் தலையைக் குனிந்தான். பாவம், கூச்சப்படுகிறான் என்று சண்முகவேல் நினைத்துக்கொண்டார்.

"மேல என்ன படிக்கப் போற?"

"அக்ரி காலேஜுங்க சார்."

"இந்தச் செடியக் காட்டினா காலேஜ் பஸ் வராது, பனியன் கம்பெனி வேன்தான் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. ஐம்பதுக்குப் பதினெட்டு என்று பென்சிலால் குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். முதலில் கைக்கு வந்தது முனீசின் நோட்டு. கடைசிப் பக்கத்தில் முடிவு எழுதியிருந்தான்.

'என் பாத்திக்கு மண்புழு உரம் இட்டேன். எதுவும் இடாத ஏழாம் பாத்தியைவிடச் செடிகள் ஒன்றரை அடி கூடுதலாக வளர்ந்தன. எனவே இந்த உரம் பயன் தருகிறது.'

அடுத்த நோட்டை எடுத்தார். வேப்பம் புண்ணாக்கு. அதிலும் ஏழாம் பாத்தியைவிட. அடுத்ததில் தொழு உரம். ஏழாம் பாத்தியைவிட. ஒன்பது நோட்டிலும் அந்தப் பாத்தி இருந்தது.

சண்முகவேலுக்குக் காது சுட்டது. ஒப்பீட்டுப் பாத்தி. ஒரு பாத்தியை உரமில்லாமல் விட்டால்தான் மற்ற உரங்கள் என்ன செய்தன என்று தெரியும். வருடா வருடம் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் படம் போட்டு அவர் நடத்தும் பாடம் இது. தன் பாடம் தன் காலடியில் கிடந்தும் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

பதினெட்டை அழித்தார். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை.

"ஏனுங்க டீச்சர், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்கதான் பக்கத்துல வரக்கூடாதுன்னுட்டீங்களே சார்." சித்ராதேவி மெதுவாகத்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு ஏன் அந்தப் பாத்தியக் குடுத்தீங்க?"

"நான் குடுக்கலீங்க சார். யாரும் வாங்க மாட்டேன்னாங்க, அதனால சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஏழு அவளுக்கு விழுந்துருச்சு."

"அவளுக்கு விழலை டீச்சர்."

வாசலில் முனீஸ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"எனக்குத்தான் விழுந்துச்சு. அரையாண்டு பிராக்டிகல்ல நான் பெயிலு. இதுவும் போச்சுன்னு அழுதுட்டேன். யாருக்கும் தெரியாம அவதான் சீட்ட மாத்திக்கிட்டா."

சண்முகவேல் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன்டா தம்பி, அவளுக்கும் மார்க் வேணும்தானே? பயமில்லையா?"

"நானும் கேட்டேன் சார். 'பயப்படாத, போன வருசம் வந்த சாரே வந்தாருன்னா கவலையில்ல, அவரு செடியப் பாத்து மார்க் போடற ஆளு இல்ல'ன்னு சொன்னா."